தாலுகா ஆபீசில் நண்டு நோட்டு

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது. ஆசை என்று சொல்வது பொய். டாக்டர் பட்டம் இல்லாதவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று ஓர் அரசாணை வந்தது. மறுவாரமே எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் அத்தனை பேருக்கும் அறிவுத்தாகம் எடுத்துவிட்டது. அறுந்த உறுப்பு மறுபடி வளர்வதுதான் அப்போது எல்லோருக்கும் பிடித்த தலைப்பு. ஒருவர் பல்லி வாலைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் மண்புழுவை இரண்டாக வெட்டினார். கடைசியாகக் கை தூக்கிய எனக்கு வயல் நண்டு மிஞ்சியது.

நாற்பது நண்டு பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கொடுக்கை எடுத்துவிட்டு, முதுகில் எண் எழுதி வயலில் விட வேண்டும். வாரா வாரம் பிடித்து, புதுக் கொடுக்கு எவ்வளவு முளைத்திருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். "நண்டைத் தொந்தரவு செய்யும் எதையும் விடாமல் எழுதுங்கள். உழவு, களையெடுப்பு, யார் வயலில் இறங்கினார்கள், எல்லாமே" என்றார் வழிகாட்டி. ஒவ்வொரு பக்கத்திலும் துறைத் தலைவரின் கையெழுத்து, கல்லூரி முத்திரை.

வயலைக் கொடுத்தவர், குடவாசலில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அவருக்கு எவ்வளவு நிலம் என்று யாருக்கும் தெரியாது. உச்சவரம்புச் சட்டம் ஒரு பக்கம் வெட்டினால் மைத்துனர் பெயரில் ஒரு துண்டு துளிர்க்கும். அதையும் வெட்டினால், செத்துப்போன சித்தி பெயரில் இன்னொன்று தலைநீட்டும். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் தோள்துண்டின் கரையும் மாறும். நியாயமாக நான் அவரைத்தான் ஆராய்ந்திருக்க வேண்டும்.

அந்த வயலைக் குத்தகைக்கு உழுதவர் என் வயதுள்ள ஒரு விதவை. புருஷன் உழுத நிலம், அவருக்குப் பிறகு இந்த அம்மாள். நண்டு பிடித்துத் தர அவரிடமே சொன்னேன். பானை நிறையக் கொண்டுவந்தார். ஒன்றுக்கும் கொடுக்கு இல்லை.

"என்னம்மா இது, எல்லாத்தையும் ஒடிச்சுட்டீங்க?"

"கடிக்கும்ல சார்? படிச்சவங்களுக்குக் கொடுக்கோட கொடுக்கறது மரியாதையா?"

"எனக்கு முழு நண்டு வேணும்மா."

"வச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஒடிப்பேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒடிச்சா கொழம்பு. நீங்க ஒடிச்சா காலேஜா?" என்று சொல்லிவிட்டு மறுநாள் முழு நண்டாகவே நாற்பது கொண்டுவந்தார். வயல் மூலையில் நைலான் வலையை ஆழமாகப் புதைத்து வேலி கட்டியதும் அவர்தான். நான் சிவப்புப் பெயிண்டில் ஒன்றிலிருந்து நாற்பது வரை எழுதினேன்.

எட்டு வாரம் ஒழுங்காகப் போனது. கடுகளவு, மிளகளவு என்று கொடுக்கு முளைகள் வளர்ந்தன. ஒன்பதாவது வாரம் பதினேழாம் எண் நண்டு வரப்போரம் விறைத்துக் கிடந்தது. 'இறப்பு' என்று எழுதினேன். பிறகு இருபத்திரண்டு. பிறகு ஒரே நாளில் நான்கு. பதினோரு சாவு விழுந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வயலில் தெளித்த பூச்சிமருந்தோ, கொள்ளைநோயோ, என் ஜாதகமோ என்று புலம்பிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாள் பதினேழை எடுத்து முகர்ந்து பார்த்தார். "செத்த நண்டுன்னா நாறாதா சார்? உள்ள ஒண்ணுமே இல்லையே. சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு." பக்கத்து வளையில் கைவிட்டு, மெத்தென்ற ஒரு நண்டை இழுத்துப் போட்டார். சின்னதாக, வெளிறிய புதுக் கொடுக்கு அதற்கு இருந்தது. எண் மட்டும் இல்லை.

ஓடு கழற்றும்போதுதான் புதுக் கொடுக்கு விரியும். ஓட்டைக் கழற்றினால் ஓட்டில் எழுதிய எண்ணும் போய்விடும். அதாவது, கொடுக்கு வளர்ந்த நண்டுக்கு எண் இருக்காது, எண் இருக்கிற நண்டுக்குக் கொடுக்கு வளர்ந்திருக்காது. இந்தத் தோலுரித்தல் பாடத்தைப் பதினெட்டு வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான்.

"அது நண்டு சார். ஒங்களாட்டம் தோச்சு மறுபடி மாட்டிக்குமா?" என்றார் அம்மாள்.

பதினோரு 'இறப்பு'களையும் அடித்து, 'ஓடு கழற்றியது. வயலை உழும் இன்னார் கண்டுபிடித்துச் சொன்னார்' என்று அவர் பெயரைப் போட்டு எழுதினேன். துறைத் தலைவர் படிக்காமலே முத்திரை குத்தினார். வழிகாட்டி மட்டும் படித்துவிட்டார். என் பட்டம் அத்துடன் முடிந்தது.

வலையைப் பிடுங்கப் போன அன்று அம்மாள் கேட்டார்: "சார், அந்த நோட்டுல எம்பேரு இருக்கா?"

"வாரா வாரம் இருக்கும்மா."

"சீலு?"

"பக்கத்துக்குப் பக்கம்."

களைக்கொத்தைக் கீழே வைத்தார். "குத்தகைப் பதிவு ஆபீசர் செவ்வாக்கெழம விசாரணை வச்சிருக்காரு. நான்தான் உழுவறேன்னு எழுத்துல காட்டுன்றாரு. ஒங்க வீட்டுக்காரரு எந்தக் காலத்துல ரசீது கொடுத்தாரு? பதிவு ஆகலன்னா அடுத்த போகத்துக்கு வேற ஆள எறக்கிடுவாரு. நீங்க வந்து படிச்சா போதும்."

'பார்க்கலாம்' என்று சொல்லி, வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலமே வீட்டுக்காரரும் வந்தார், புன்னகையோடு.

"புரொபசர், செவ்வாக்கெழம திருப்பனந்தாளுக்குக் கார்ல போறேன். நீங்களும் வாங்களேன். கோயில், நல்ல சாப்பாடு, காத்தாட இருக்கும்." எழுந்தவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "வெள்ளையடிக்கணும். ஆள் குடியிருக்கையில அடிச்சா சரியா வராது."

எப்படித் தப்பிக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பெரியப்பாவுக்குச் சீரியஸ் என்று தந்தி கொடுக்கச் சொல்லலாம். ஆனால் அவர் காரியத்துக்கு ஊரே வந்து சாப்பிட்டுப் போயிருந்தது. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். மனைவி தெர்மாமீட்டரை உதறிவிட்டு, "நோட்ட நண்டு தின்னுடுச்சுன்னு சொல்லிடுங்களேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுனது நெசந்தானே? போய்ப் படிச்சுட்டு வாங்க. ஊர்ல வேற வீடா இல்ல?" என்றாள்.

தாலுகா ஆபீசில் கூட்டம் நெரிந்தது. ஒரு பக்கம் விவசாயச் சங்கத்தின் சிவப்புத் துண்டு, மறுபக்கம் வீட்டுக்காரர் ஆட்களின் சலவைச் சட்டை. நான் நடுவில் நின்றேன். எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் எனக்கும் ஒரு பங்கு வரும். நோட்டைப் பிரித்துப் படித்தேன். "மூன்றாம் வாரம். எண் பதினேழு, ஆண். வலக் கொடுக்கு முளை, கடுகளவு..."

"நண்ட விடுங்க சார். மனுஷங்களப் படிங்க" என்றார் பதிவு அதிகாரி.

படித்தேன். நாற்று நட்டது, தண்ணீர் கட்டியது, களை பறித்தது, வரப்பு அணைத்தது. எல்லாவற்றிலும் அம்மாளின் பெயர்தான். வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்து நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஐயா, இவரு பதினோரு நண்டு செத்துப்போச்சுன்னு எழுதிச் சீல் வச்சிருக்காரு. அத்தனையும் உசுரோட இருக்கு. உசுரோட இருக்கறதையே செத்துதுன்னு எழுதினவரு, உழுதவங்கள மட்டும் சரியா எழுதியிருப்பாரா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. சிவப்புத் துண்டுகளும்தான். பயத்தில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிடுவேன். அன்று அது வசதியாகப் போயிற்று.

"தப்புத்தாங்க! பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியும் எனக்குத் தெரியல. வெறும் ஓடுன்னு கண்டுபிடிச்சது இந்த அம்மாதான். எந்த வளையில எந்த நண்டு இருக்குன்னு பார்க்காமலே கைய விட்டு எடுத்தாங்க. இவங்க இந்த வயல உழாதவங்கன்னா, ஒங்க கட்சிக்காரர ஒரு வளையில கைய விடச் சொல்லுங்க!"

சிரிப்பு திசை மாறியது. அதிகாரி கேட்டார்: "கட்சிக்காரர் வந்திருக்காரா?"

"திருப்பனந்தாள் போயிருக்காருங்க" என்றார் வக்கீல்.

அதிகாரி அடித்துத் திருத்திய பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, நோட்டைச் சாட்சியமாக வைத்துக்கொண்டார். அது எனக்குத் திரும்பி வரவே இல்லை.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நாங்கள் அதற்குள் வேறு தெருவுக்குக் குடிபோயிருந்தோம். விலாசம் விசாரித்துக்கொண்டு அம்மாள் வந்து காகிதத்தை நீட்டினார். சர்வே எண்ணையும், சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் இருந்த அவர் பெயரையும் படித்துக் காட்டினேன்.

"அப்பீலுக்குப் போயிருக்காராமே?" என்றேன்.

"போவட்டும். ஆத்துல தண்ணி வந்துடுச்சு. நான் நாத்துவிடப் போறேன்" என்று காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார்.