சிங்கப்பூருக்கு எத்தனை மணிக்கு ராகு காலம்

என் மனைவியின் எலும்பு மஜ்ஜை போதிய சிவப்பணுக்களை உண்டாக்குவதில்லை. மாதம் ஒருமுறை மருத்துவமனையில் அரை நாள் படுத்து ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். மஜ்ஜையைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி ஊசியை வாரந்தோறும் போட்டுப் பார்க்கலாம், பலித்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்காது என்றார் மருத்துவர். முதல் இரண்டு ஊசிகளைத் தாதி போட்டார். மூன்றாவதிலிருந்து வீட்டில் நான் போட வேண்டும். தாதி ஒரு பஞ்சுத் துண்டில் குத்திக் காட்டினார். நான் பதினோரு குறிப்புகள் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஊசியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். குளிர் விடுவதற்கு அரை மணி நேரம். சரியாக எட்டு மணிக்குக் கை கழுவி, மூடியைத் தொட்டேன். கையை எடுத்து மறுபடி துடைத்துக்கொண்டேன். அப்போது சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டி கண்ணில் பட்டது.

"ஏம்மா, ஏழரையிலருந்து ஒன்பது வரைக்கும் ராகு காலம். முடியட்டுமே."

"என்னைப் பொண்ணு பாக்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தீங்களே, அப்ப ராகு லீவுல இருந்தாரா?"

மருந்தகத்துக்குத் தொலைபேசினேன். ஊசி சில மணி நேரம் வெளியே இருந்தாலும் கெடாது என்றார்கள்.

ஒன்பது மணிக்கு வேறொன்று உறைத்தது. நாட்காட்டி தமிழ்நாட்டில் அச்சானது. சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்கள் இருக்கும் ஆங் மோ கியோவில் விடிவது ஏழு மணிக்கு. தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இங்கே ராகு காலம் எட்டரையிலிருந்து பத்து வரை.

அவள் தாளை இருமுறை பார்த்தாள்.

"அப்படின்னா எட்டு மணிக்கு நல்ல நேரமாத்தான இருந்துச்சு? அப்பவே போட்டிருந்தா முடிஞ்சிருக்கும் லா. இப்பதான் சார் நட்ட நடு ராகுல நிக்கிறீங்க!"

பத்து அடித்தது. எமகண்டத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் குத்தப் பயம். எனக்கு அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கப் பயம். என் பயம்தான் பெருசு. குறிப்பைப் படிங்க."

படித்தேன். நான்காவது குறிப்பு தோலை எப்படிக் கிள்ளிப் பிடிப்பது என்பது. அதை நான் முடிப்பதற்குள் காலி ஊசி மேசைக்கு வந்துவிட்டது. மீதி ஏழு குறிப்புகளையும் படித்து முடித்தேன். அவள் காப்பி போடப் போய்விட்டாள். தாமதத்துக்குக் காரணம் ராகு காலம் என்றுதான் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

எட்டாவது வாரம் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 7.4 இலிருந்து 9.2 ஆகியிருந்தது. இந்த மாதம் ரத்தம் ஏற்ற வர வேண்டாம், ஊசியைத் தொடருங்கள் என்றார் மருத்துவர். மிச்சமான அரை நாளில் தேக்கா சந்தைக்குப் போனோம். மீன் கடை வரிசையில் அவள் எனக்கு நான்கு பேர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கொஞ்சம் நில் என்று இந்த முறை நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.