ராஜபாய் வீட்டு மைக்

கொட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ஜெபம் பண்ணச் சொல்லி ராஜபாய்க்குப் போன் செய்து யாராவது தன் கஷ்டத்தைச் சொன்னால், அவள் அதை மைக் வைத்துத் தெருவுக்கே அறிவிக்கிறாளாம். மீன்கடையில் பிறந்த பேச்சு, ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் மைக்கோடு இரண்டு ஸ்பீக்கரும் வாங்கிவிட்டது. மாடியில் ஒன்று, வாசலில் ஒன்று. எந்தக் கடையில் வாங்கியது என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

நம்புவதற்கு முன் அந்த வீட்டுக்குள் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. போய்ப் பார்த்தால் மைக் இல்லை. ஸ்பீக்கரும் இல்லை. யேசுரத்தினம் இருக்கிறார்.

யேசுரத்தினம், ராஜபாயின் கணவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் “தோவாளை, தோவாளை” என்று கூப்பிட்டால், தோவாளைச் சந்தையில் பூ நிறுக்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்பது மிகை. ரொம்ப மிகை அல்ல. வேலைக்குத்தான் ஓய்வு, தொண்டைக்கு இல்லை.

ராஜபாய் வேறு ரகம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தபோது, வார்டில் படுத்துக் கிடந்தவர்கள் வலியோடு வலியாக வீட்டுக் கதைகளையும் அவளிடம் இறக்கிவைப்பார்கள். ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காதுக்கு வேலையாகத் தொலைபேசி ஜெபம் வந்தது. காலைக் காப்பி ஆனதும், சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவார்கள். லேண்ட்லைனில்தான். செல்போனில் சொன்னால் ரெக்கார்டு ஆகிவிடும், நாளைக்கு மருமகள் கையில் கிடைக்கும் என்று பயம். “நீ சொல்லு மக்கா, வயர்ல வந்தது வயர்லயே போயிரும்” என்பாள் ராஜபாய்.

இதற்கு நடுவில் அவளுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம் என்றார் டாக்டர். அது இருப்பதோ மாடியில். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் எபின் கட்டிக்கொடுத்த மாடி. எனவே, படி ஏறக் கூடாத ஒரு பெண்மணியை நாலு பேர் சேர்ந்து நாற்காலியில் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். போன் கீழே நின்றுவிட்டது. மாடிப் படுக்கையறைச் சுவரில் எபின் வைத்த எக்ஸ்டென்ஷன் சாக்கெட் ஒன்று உண்டு. போனைக் கொண்டுபோய்ச் சொருகிப் பார்த்தார்கள். மூச்சு இல்லை.

ஆகவே மணி அடித்தால் கீழே யேசுரத்தினம் எடுத்தார். விஷயத்தைக் கேட்டு மாடிக்கு ஒலிபரப்பினார்.

“ஏட்டி! ஜெபகனிக்கு மூலத்துல ரெத்தம் போவுதாம்! ஜெபிக்கணுமாம்!”

“ஏட்டி! நேசம்மாளுக்குப் பல்செட்டக் காணலியாம்! மருமவ எடுத்து ஒளிச்சு வச்சிட்டாளோன்னு சம்சயமாம்!”

அந்த நேரம் பார்த்து, நேசம்மாளின் மருமகள் ஜாஸ்பின் தெருவில் பால் வாங்கிக்கொண்டு நின்றாள். மைக் பிறந்த கதை இதுதான்.

மறுவாரம் போன் மணி குறைந்தது. அதற்கடுத்த வாரம் நின்றே போனது. முட்டு வலிக்கு மாத்திரை இருந்தது, இதற்கு இல்லை. அத்தனை வருஷம் ரகசியம் காத்த காதின் பேர், அவள் வாய் திறக்காமலே கெட்டுப்போயிற்று. ராஜபாய் கணவரைக் கட்டிலருகே கூப்பிட்டாள்.

“இந்தச் சாக்கெட்டச் சரியாக்கணும். சரியாவுறது வரைக்கும் மாடியப் பாத்து நீங்க வாயத் தொறக்கப்பிடாது.”

“அப்போ எப்பிடி ஒனக்கிட்ட சொல்லுவேன்?”

“அது ஒங்க பாடு.”

யேசுரத்தினம் அலமாரியைக் குடைந்து பழைய கண்டக்டர் விசிலை எடுத்து வந்தார். ஒரு விசில் அடித்தால் லைன் செத்துக் கிடக்கிறது. இரண்டு அடித்தால் உயிர் இருக்கிறது. கணவன் மனைவிக்குள் இவ்வளவு தெளிவான பேச்சு கல்யாணமான நாளிலிருந்து நடந்ததில்லை.

முதலில், ஜங்ஷனில் புது சாக்கெட் வாங்கிவந்து மாட்டினார். புதியதும் பழையதைப் போலவே மௌனம் காத்தது.

“எலி,” என்றார், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தணிந்த குரலில். அதாவது, அடுத்த வீட்டுக்கு மட்டும் கேட்கிற குரலில். “எலி வயரக் கடிச்சிருக்கு.”

“எந்த எலி?”

“அதுக்க பேரு எனக்குத் தெரியுமா?”

“போனக் கொண்டுபோய்க் கீழ உள்ள பெட்டியில சொருகிப் பாருங்க.”

போனார். சிறிது நேரத்தில் படிக்கட்டு வழியாக இரண்டு விசில் ஏறி வந்தது. அப்படியானால் ஊரிலிருந்து வருகிற லைன் நன்றாக இருக்கிறது. மாடியில் சாக்கெட் புதிது. கேடு நடுவில் ஓடுகிற வயரில்தான். நோயாளியைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துப் பழகிய ராஜபாய் யோசித்தாள். வயர் கீழேயிருந்து வெளிச்சுவரில் ஏறி, பால்கனியைச் சுற்றி, ஜன்னல் ஓட்டை வழியாக அறைக்குள் வருகிறது. பால்கனியில் என்ன இருக்கிறது? கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இருக்கிறது. ஈஸ்டர் கழிந்தும் அது இறங்கவில்லை. எதிர்வீட்டு ஜெபகனி வீட்டு நட்சத்திரத்தைவிடப் பெரிது. அதனால் இறக்க யேசுரத்தினத்துக்கு மனம் வரவில்லை.

போனைத் தூக்கிக்கொண்டு அவர் மேலே வந்து மறுபடி சாக்கெட்டில் சொருகியதும் கேட்டாள்: “நட்சத்திரத்துக்க வயர ஆரு அடிச்சது?”

“நான்தான். எலக்ட்ரீசியன நம்பினா அடுத்த கிறிஸ்துமஸ்தான்.”

“எது வழியா அடிச்சிய?”

“சொவர வீணாக்கல்ல. ஏற்கெனவே ஒரு வயர் போச்சுல்லா, அதுக்கு மேலேயே, நூலு பிடிச்சாப்புல நேரா...” யேசுரத்தினம் நிறுத்தினார். நாற்காலி தேடி உட்கார்ந்தார்.

ராஜபாய் வாக்கரை இழுத்தாள். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும்தான் நடக்கலாம் என்பது டாக்டர் உத்தரவு. பால்கனியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சுவரைத் தடவினாள். நட்சத்திரத்துக்காக அடித்த ஆணி ஒன்று டெலிபோன் வயருக்குள்ளேயே இறங்கியிருந்தது. பிடுங்கச் சொன்னாள். உள்ளே ஓடிய இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்று அறுந்து கிடந்தது. இயேசு பிறந்த சந்தோஷத்தில் போன் செத்திருக்கிறது.

“அப்போ எலி இல்லியா?” என்றார் யேசுரத்தினம்.

“எலிதான். ரிட்டயர்டு எலி.”

தையல் வெட்டும் கத்தரியால் வயரின் தோலைச் சீவினாள். கீழே லைனைக் கழற்றிவிட்டுத் தொட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. மணி அடிக்கிற நேரத்தில்தான் அந்த வயர் கடிக்கும்; இந்த வீட்டுக்கு இப்போது யார் போன் செய்யப் போகிறார்கள்? அறுந்த இரண்டு முனைகளையும் விரலால் சேர்த்து முறுக்கினாள். சுரீர் என்று விரலில் ஒரு கடி.

“ஏசுவே!” என்று கையை உதறினாள். அதற்குள் முறுக்கு பிடித்துக்கொண்டது. அறைக்குள் போன் மணி கணகணவென்று அடித்தது.

யேசுரத்தினம் பழக்கதோஷத்தில் பாய்ந்தார். மனைவி பார்த்த பார்வையில் தானாகவே, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஒரு விசில் அடித்து நின்றுகொண்டார். ராஜபாய் வாக்கரோடு போய் எடுத்தாள்.

“ராஜபாய்க்காவா? அத்தான் பக்கத்துல நிக்காரா?”

நேசம்மாளின் குரல். ராஜபாய் படிக்கட்டைக் காட்டினாள். யேசுரத்தினம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

“இல்ல மக்கா. நான் மாத்திரம்தான். சொல்லு.”

“பல்செட்டு கெடச்சிட்டுது.”

“எங்க?”

“பைபிள் கவருக்குள்ள. உபவாச ஜெபத்துல வாய் வலிச்சுதுன்னு நானேதான் கழத்தி, உள்ள போட்டு, ஜிப்ப இழுத்திருக்கேன். பெறவு மறந்து போச்சு. மருமவ தோவாளையில அவளுக்க அம்மைக்க வீட்டுக்குப் போயிட்டா. மவன் போய்க் கூப்பிட்டும் வரல்ல. நான் வந்து கூப்பிடணுமாம். எனக்க வாயால எப்பிடிக்கா கேப்பேன்?” நேசம்மாள் அழுதாள். “வேற ஆருகிட்டயும் இதச் சொல்ல முடியாது.”

விரலில் இன்னும் சுருசுருப்பு இருந்தது. ராஜபாய் கண்ணை மூடினாள்.

“அன்பின் ஆண்டவரே, உம்முடைய பிள்ளை நேசம்மாளைத் தாங்கும். தோவாளை பஸ்ஸில் ஏற அவள் காலுக்குப் பெலன் தாரும். மருமகள் முன்னால் நல்ல வார்த்தை பேசக் கிருபை தாரும்.” இதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. “அதோடு பிதாவே, இந்த வீட்டில் மைக் இல்லை என்று நீர் அறிவீர். ஸ்பீக்கரும் இல்லை. உண்டு என்று சொன்ன நாவு யாருடையதாக இருந்தாலும் அதை மன்னியும். ஜெபம் கேளும் பிதாவே.”

ஜெபக் குறிப்பு கொடுத்தவர் ‘ஆமென்’ சொன்னால்தான் ராஜபாய் கணக்கில் ஜெபம் முடிந்த மாதிரி. காத்திருந்தாள். மறுமுனையில் மூச்சு சத்தம் கேட்டது. லைன் சாகவில்லை. அந்த ஜெபத்தில், பல்செட் கதையைத் தெருவுக்கே சொன்ன யேசுரத்தினத்தின் தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதை நேசம்மாள் கவனித்திருக்கலாம்.

“மீன்காரி வந்திருக்கா அக்கா” என்று வைத்துவிட்டாள்.

ராஜபாய் திரும்பப் போய், முட்டுக்கு ஒட்டிய பிளாஸ்டரில் மிச்சம் இருந்ததைக் கிழித்து வயருக்குக் கட்டுப் போட்டாள்.

நேசம்மாள் தோவாளைக்குப் போனாள். ஜாஸ்பின் வந்துவிட்டாள். மாடியில் மணி மறுபடி விடாமல் அடிக்கிறது. இப்போது ராஜபாய் வாக்கர் இல்லாமல் கோயிலுக்குப் போகிறாள். இடம் பார்த்து, நேசம்மாளுக்கு நேர் பின் வரிசையில் உட்கார்கிறாள். போதகர் ஜெபிக்கும்போதெல்லாம் நேசம்மாள் தொலைந்து கிடைத்த பல்லோடு கணீரென்று ஆமென் சொல்கிறாள். ராஜபாய்க்குத் தர வேண்டிய அந்த ஒரு ஆமென் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.