ஆமைக்கு வச்ச குங்குமம்

காலையில குருசுக்குப்பம் கடற்கரைக்கு வாக்கிங் போனேன். பெரிய ஆமை ஒண்ணு செத்துக் கெடந்துச்சு. மீனவர் ஒருத்தர் அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, குங்குமம் வச்சு, கற்பூரம் ஏத்திக்கிட்டிருந்தார்.

“எப்படிண்ணே செத்துச்சு?”

“எங்க வலையிலதான் மாட்டிக்கிச்சு தம்பி. மூச்சு முட்டிப் போச்சு. ஆமை சாமியாச்சே, அப்படியே போட்டுட்டுப் போவ முடியுமா?” அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

“ஆமை தப்பிச்சுப் போற மாதிரி வலையில வழி வைக்கலாமாமே?”

“வச்சா மீனும் போயிடுமே!”

குழி தோண்டிப் புதைச்சார். மிச்சக் குங்குமத்தைப் பக்கத்துல கெடந்த அதே வலைக்கு வச்சார். எனக்கும் நீட்டினார். வேணாம்னு சொல்ல வாய் வரல. நெத்தியில வச்சுக்கிட்டேன்.

ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க, “எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தே?”

நீங்களே சொல்லுங்க, நான் என்னன்னு சொல்லட்டும்?