நாலு சிலிண்டருக்கு ஐந்தாம் நம்பர்

'டிங்!'

கூடத்திலிருந்து வந்த ஓசை கோயில் மணிபோல் கணீரென்று இருந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் 'டிங்'. அடுப்படியில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த வீரம்மாவின் கை, அடுத்து வந்த ஓசையில் அப்படியே நின்றுவிட்டது.

'டொக்.'

மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். குரு தரையில் பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்திருந்தான். ஒரு சாண் நீள இரும்பு ராடு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கும் கனெக்டிங் ராடு. அதுபோல் இன்னும் மூன்று நாளிதழின் மேல் கிடந்தன.

"இது ஒண்ணுதான் ஆன்டி செத்த சத்தம் குடுக்குது. உள்ளுக்குள்ள கீறல் விட்டிருக்கு. இதைப் போட்டு ஓட்டினா, என்னைக்காவது உடைஞ்சு என்ஜினையே பொத்துக்கிட்டு வந்துரும். நாலையும் எடுத்துட்டு புது செட்டா போட்டுருவோம்."

அந்த மோரிஸ் மைனர் அவள் கணவர் இராமலிங்கத்தின் உயிர். பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் அவர் அதை ஓட்டி வரும் சத்தம் கேட்டுத்தான் அவள் சோற்றை இலையில் வைப்பாள். அவர் போன பிறகு அது ஓடவேயில்லை. மகள் ஷாமினி பண்டமாரானில் பட்டறை வைத்திருக்கும் இந்தக் குருவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, வீரம்மா காரை அவனிடம் ஒப்படைத்தாள். செத்துப்போன மனுஷன் காரில் கை சுத்தமாக இருந்தால் பெண்ணைக் கொடுப்பது, இல்லையென்றால் இல்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அது யாருக்கும் தெரியாது, அவள் தம்பி பாலனைத் தவிர.

பாலன் இப்போது சோபாவில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, லிப்ட் ரோசாக்காயி ஓடாம கிடக்கு? அஞ்சு மாடி ஏறி வந்து முட்டி ரெண்டும் போச்சு!"

"நாலுதான்டா. ரொம்ப அலட்டாத."

குரு சிரித்தான். பாலனுக்கு அது பிடிக்கவில்லை. "என்ன பாஸ், சிரிப்பு பலமா இருக்கு?" என்றபடி குனிந்து, ராடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, இங்க வா. இது ஒன்னு, இது ரெண்டு, இது மூனு. இதுல என்ன நம்பர் அடிச்சிருக்கு, பாரு."

வீரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இரும்பில் அழுத்தமாக '5' என்று பொறித்திருந்தது.

"மாமா காரு நாலு சிலிண்டர். நாலாம் நம்பர் எங்க? இந்த அஞ்சு எந்தக் காரிலேருந்து வந்துச்சு? ஒரிஜினல் ராடைக் கழட்டி எடுத்துக்கிட்டு, பழைய இரும்புக் கடையில கிடந்ததைக் கொண்டாந்து காட்டுறாரு. அடுத்தது புது செட்டாம்!"

குருவின் முகம் வெளுத்தது. "திறக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு ஆன்டி. இந்த என்ஜினை முன்னாடியே யாரோ திறந்திருக்காங்க. எது எந்த சிலிண்டருன்னு அவங்கதான் நம்பர் அடிச்சிருப்பாங்க."

"அவரு ஸ்ரீ கெம்பாங்கான்ல சீனர் செங் பட்டறையில ஒரு தடவ குடுத்தாரு," என்றாள் வீரம்மா. "அது இருக்கட்டும். இந்த அஞ்சைப் பார்த்ததும் ஏன் தம்பி சொல்லல?"

"சொன்னா சந்தேகப்படுவீங்கன்னு பயந்துட்டேன்."

அந்தப் பதில் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. பயம் எங்கிருந்து வரும்? மடியில் ஏதாவது இருந்தால்தானே! பாலனையும் வீரம்மா நம்பவில்லை. தன் மகன் கிஷனுக்கு ஷாமினியைக் கட்ட அவன் எத்தனை வருஷமாக வலை விரிக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இரும்பு பொய் சொல்லுமா? ஐந்து ஐந்துதானே?

குரு ராடுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தான். "ஷாமினிகிட்ட நானே சொல்லிக்கிறேன் ஆன்டி. காரை நாளைக்கே லோரியில ஏத்தி அனுப்புறேன்."

"அப்படியே எறங்குங்க பாஸ். அஞ்சு மாடிதான்!" என்று பாலன் கைகொட்டிச் சிரித்தான்.

"நாலுடா!"

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன வீரம்மாவே திகைத்து நின்றாள்.

நாலு. ஏறுவது நாலு மாடி. கதவில் இருப்பது ஐந்து. இந்தக் கட்டடத்தில் நாலாம் மாடி என்றே ஒன்று கிடையாது. லிப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஐந்து. சீனர் காதில் நாலு என்பது சாவு என்று ஒலிக்குமாம். செங்கின் பட்டறையிலும் அப்படித்தான். கார் எடுக்கப் போன அன்று, தரையில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எழுதிக் கார்களை நிறுத்தியிருந்தார்கள். "நாலு எங்கே?" என்று இராமலிங்கம் கேட்டதும், செங் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தியது அவள் கண்ணுக்குள் வந்தது. அந்த மனிதனா இவர் உயிரைச் சுமக்கும் என்ஜினுக்குள் நாலு என்று அடிப்பான்?

"தம்பி, நில்லு!" அவள் கதவை மறித்து நின்றாள். "அந்த அஞ்சுதான் நாலு. செங் அடிச்ச நம்பர். அவரு நல்லா இருக்கணும்னு அடிச்சது."

"அக்கா, கதை கட்டாத லா…"

"கதையா? நீ உக்காந்திருக்கிறது எத்தனாவது மாடி? படியை எண்ணிட்டு வந்து சொல்லு!"

பாலன் விரலை மடக்கி எண்ணி, நாலாவது விரலோடு நிறுத்திக்கொண்டான்.

வீரம்மா குருவின் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கிப் பிரித்து, ஊமைச் சத்தம் போட்ட ராடைத் தானே தூக்கிப் பிடித்தாள். "தட்டு." டொக். மற்றொன்றைத் தூக்கினாள். டிங். சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. காதால் கேட்டால்தான் அதுவும் அடங்கும். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"புது செட்டே போடுங்க. ஆனா ஒவ்வொன்னையும் என் முன்னாடி தட்டிக் காட்டணும். வெள்ளிக்கிழமை உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, மாப்பிள்ளை."

அந்தக் கடைசி வார்த்தையில் குரு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாலன் எழுந்து செருப்பைத் தேடினான்.

"அப்ப கிஷன்?"

"கிஷனுக்கு நல்ல பொண்ணா பாரு. நானும் பாக்குறேன். முறுக்கு எடுத்துக்கிட்டுப் போறியா?"

"ஒன்னும் வேணாம். வரேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் முதல் படியில் கால் வைப்பதைப் பார்த்துவிட்டு, வீரம்மா ஐந்து என்று எழுதிய கதவைச் சாத்தித் தாழிட்டாள்.