பாலத்துக்கு மேலே தெரிந்த கம்பி

நம்ம ஆளுக்கு அந்த வட்டாரத்தில் 'தீர்ப்பு' என்றுதான் பேர். வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு, அதை அவர் மனைவிகூடச் சொல்வதில்லை. சலூன் வைத்திருக்கிறார். கத்தரியைக் கையில் எடுத்தால் முடி விழுகிறதோ இல்லையோ, ஏதாவது ஒரு படத்தின் தலை கட்டாயம் விழும்.

"படம் எப்படிண்ணே?" என்று கேட்டுக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவார்கள். அவர் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தலையை இரண்டு விரலால் முன்னுக்குத் தள்ளி, யோசிக்கிற மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டு ஆரம்பிப்பார்.

"இப்ப வர்ற காமெடிப் படமெல்லாம் என்னங்க காமெடி? முன்னாடி ஒருத்தன் வழுக்கி விழுவான், நாம சிரிப்போம். இப்ப விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து, நான் ஏன் விழுந்தேன் தெரியுமான்னு விளக்கம் சொல்றான். அதைக் கேட்டுட்டுப் பக்கத்துல இருக்கறவனே சிரிச்சுக்கறான். அப்புறம் நாம எதுக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போகணும்?"

பெஞ்சில் காத்திருப்பவர்கள் குலுங்கிச் சிரிப்பார்கள். காதோரம் கத்தரி இருப்பவர் மட்டும் உயிருக்குப் பயந்து சிரிப்பை விழுங்கிக்கொள்வார்.

சூப்பர் ஹீரோ படம் என்றால் கேட்கவே வேண்டாம். "ஒவ்வொரு தடவையும் உலகம் அழியப் போகுதுங்கறான். ஒரு தடவையாவது அழிஞ்சு தொலையுதா பாருங்க! சரி, அதை விடுங்க. ஆகாயத்துல அந்த வேகத்துல பறந்து வர்றான், இரும்புத் தொப்பியைக் கழட்டுறான், முடி என்னவோ இப்பத்தான் என் கடையிலேர்ந்து எழுந்து போன மாதிரி படிஞ்சு கிடக்கு. அது என்ன எண்ணெய்னு சொல்லச் சொல்லுங்க, நானும் நாலு பாட்டில் வாங்கி வெச்சுக்கறேன்."

இந்த முடி விஷயம் அவருடைய சொந்தச் சரக்கு. படத்துச் சுவரொட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவார். இந்த வகைப் படத்தில் மற்றதெல்லாம் இரவல்.

ஆமாம், இரவல்தான். எத்தனை நாளைக்கு மூடி வைப்பது, சொல்லிவிடுவோமே. காமெடிப் படத்தை அவர் கண் கொட்டாமல் பார்ப்பார். வெளியில் வந்து எவ்வளவு கிழித்தாலும், உள்ளே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற ஆள். சூப்பர் ஹீரோ படம் அப்படியில்லை. வாரம் பூரா நின்றே வேலை செய்கிற கால். லீவு நாளன்று மெத்தென்று ஒரு இருக்கை, ஜில்லென்று காற்று, இருட்டு. ஹீரோ முகமூடியை மாட்டுவதற்குள் இவர் கண்ணை மூடிவிடுவார். திரையில் கட்டடம் இடிய இடியத் தூக்கம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். விளக்குப் போட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் எடை போட்டு முடித்த முகத்தோடு கூட்டத்தில் கலந்து வெளியே வருவார்.

மறுநாள் காலையில் முதலில் வருகிறவரிடம் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார். "நீங்க பார்த்தீங்களா? உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்பார். முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆளிடம் சொல்வார், மூன்றாவது ஆளுக்குக் கொஞ்சம் உப்பு உறைப்பு சேர்ப்பார். மதியத்துக்குள் அது அவருடைய கருத்தாகவே ஆகிவிடும். எதிர்த்துப் பேசுகிற பழக்கமும் கிடையாது. ஒருத்தர் தலையை நம்பி நம் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அவரோடு மல்லுக்கு நிற்க முடியுமா? 'ஆமாமா' என்பது அந்தத் தொழிலில் சீப்பு மாதிரி, எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான். பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிற தம்பி ஒருவர் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தவர், புதிதாக வந்த சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தார். "பாலத்துக்கு மேல பறந்து வருவான் பாருங்க, அங்க ஆளைக் கட்டித் தூக்கற கம்பி லேசாத் தெரிஞ்ச மாதிரி இருந்துதுண்ணே. எனக்குத்தான் அப்படிப் பட்டுதோ என்னவோ."

"ஆமாமா" என்றார் நம்ம ஆள், நுரையைத் தடவிக்கொண்டே.

சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். அந்த 'லேசா' எங்கேயோ உதிர்ந்து போயிருந்தது. "கம்பியா அது? துணி காயப்போடலாம்யா அதுல! என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். இதைப் படத்துலேர்ந்து அழிக்கிறதுக்குன்னு சம்பளம் கொடுத்து ஒரு ஆளை உட்கார வெச்சிருப்பான். அந்த ஆளு உட்கார்ந்து நல்லாத் தூங்கியிருக்கு!" பெஞ்சில் இருந்த ஒருவர் இதைப் போனில் படம் பிடித்தார். பிடித்தது தெரிந்ததும் நம்ம ஆள் கத்தரியை உயர்த்தி, இன்னொரு தடவை, இன்னும் நன்றாகவே சொல்லிக் காட்டினார்.

இரண்டு நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது. சலூன்காரர் கண்ணுக்குத் தெரிந்தது கம்பெனி கண்ணுக்குத் தெரியவில்லையா என்று யாரோ அந்த வீடியோவுக்கு மேலே எழுதிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "காய்கறிக் கடையில என்னைத் தீர்ப்பு வீட்டம்மான்னு கூப்பிடறாங்க. நல்லாயிருக்கு உங்க லட்சணம்" என்று மனைவி நொடித்தாள். அந்த நொடிப்பிலும் பெருமை இருந்தது. இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மகள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரே மகள். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில், படத்துக்கு வேலை செய்கிறாள். என்ன வேலை என்று அவள் ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் விளக்கமாகச் சொன்னாள். அப்போது இவர் கடைக்குப் புதுக் கண்ணாடி வாங்குகிற யோசனையில் இருந்தார். "ஓஹோ, சரி சரி, நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். யார் கேட்டாலும் "பொண்ணு டிராயிங் போடறா" என்று சொல்வார். எந்தப் படம் என்று வெளியில் சொல்லக்கூடாதென்பது அவள் ஆபீஸ் சட்டம், அதனால் அவளும் சொன்னதில்லை.

அந்த வாரம் மேஜை மேல் ஒரு சின்ன மருந்துக் குப்பி இருந்தது. "என்னம்மா, கண்ணுல விடற மருந்து மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"எரியுதுப்பா."

"நாள் பூரா கம்ப்யூட்டரை முறைச்சுப் பார்த்தா எரியாம என்ன செய்யும்?" என்று சொல்லிக் குப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, போனில் தன்னுடைய வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

லீவு நாளன்று காலையில் அவர் சவரக் கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தக் கம்பி எந்த இடத்துல தெரிஞ்சுது? பாலத்துக்கு வர்றதுக்கு முன்னாடியா, வந்தப்புறமா?"

"ஏம்மா, நீயும் அந்த வீடியோவைப் பார்த்துட்டியா?" என்று சிரித்தார்.

"கம்பியை அழிக்கிற ஆளு நான்தாம்ப்பா."

கத்தி துடைத்த கை அப்படியே நின்றது.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள். "பாலத்து சீன் பூரா நான் ஒருத்தியே பண்ணினது. வீடியோ வந்ததுலேர்ந்து மேனேஜர் எல்லாரையும் திட்டறார். நாளைக்கு நான் போய் பதில் சொல்லணும். என்னோட தப்புன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அந்த சீனை நிறுத்தி நிறுத்திப் பார்க்கறேன், எனக்கு எதுவும் தெரியலை. ஆனா நீங்க பார்த்திருக்கீங்களே. சின்ன வயசுல எனக்கு முடி வெட்டிட்டு, காதோரம் ஒரு முடி நீட்டிட்டு இருந்தாக்கூட வாசல் வரைக்கும் போனவளைத் திருப்பிக் கூப்பிடுவீங்க. உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னா அது இருந்திருக்கும். எந்த இடம்னு மட்டும் காட்டுங்கப்பா, தப்புன்னு நானே ஒத்துக்கறேன்."

அடப்பாவி மனுஷா, அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? திறந்தார். 'அம்மா, நான் பார்க்கவே இல்லை' என்பது தொண்டை வரை வந்தது. மகள் அந்தக் கண்களை நம்பி எதிரே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததோ வேறு: "அது... ஒரு நொடிதாம்மா. உன் கம்ப்யூட்டர்ல தெரியாது. தியேட்டர்லதான் தெரியும்."

"அப்ப வாங்க, இன்னைக்கே போயிடலாம்" என்று அவள் எழுந்துவிட்டாள்.

தியேட்டரில் அவர் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தார். இன்றைக்குத் தூங்கினால் நான் மனுஷனே இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். எங்கேயாவது உண்மையாகவே ஒரு கம்பி தெரிந்துவிடாதா என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டார், மகளுடைய வேலையில் குறை இருக்கட்டும் என்று! நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது. ஹீரோ ஒரு கிடங்கில் பழைய பெட்டியைத் திறந்தான். உள்ளே முகமூடி இருந்தது. ஜில்லென்று காற்று வந்தது.

இடைவேளை விளக்கு கண்ணில் அடித்தது. நம்ம ஆள் சட்டென்று நிமிர்ந்தார். வாயைத் துடைத்தார். நாக்கு, பாருங்கள், அவரைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டது. "ஆமாமா, அங்கதாம்மா, அந்தப் பாலத்துக்கிட்ட வந்ததும்... பளிச்சுன்னு தெரிஞ்சுது. பார்த்தே இல்ல?"

மகள் திரையைப் பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலம் வந்தப்ப இதுதானேப்பான்னு கேக்கறதுக்காகத் திரும்பினேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

அவர் மறுபடியும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் இப்படித்தானா?"

"ஆமா" என்றார். இதற்கு முன் எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன 'ஆமா'வில் இது ஒன்றுதான் உண்மை. "யாரோ சொன்னாங்கம்மா. அதை எடுத்து நான் சொன்னேன்."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "நான் கண் டாக்டர்கிட்ட போனேம்ப்பா" என்றாள். "கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னார். நான் நம்பலை. நல்லாப் பாருங்க டாக்டர்னு திரும்பவும் சொன்னேன். சும்மா ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார்." குரல் உடைந்தது. "எங்கப்பாவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலைன்னா, என் கண்ணுதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அந்த மருந்துக் குப்பியைத் தள்ளி வைத்துவிட்டுத்தானே அந்த மேஜையில் உட்கார்ந்து தன் மூஞ்சியைத் தானே ரசித்தார்! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. எழுந்து, "உன் போனை எடு, வெளியில வா" என்றார்.

பாப்கார்ன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெளிச்சமாக இருந்த சுவரோரம் நின்றார். பழக்க தோஷம், கை தானாகப் போய்த் தலையைப் படிய வைத்தது. மகள் போனைப் பிடித்தாள்.

"நான்தான் அந்த சலூன்காரன்" என்று ஆரம்பித்தார். குரல் எழும்பவில்லை. அதற்குள் வரிசையில் நின்ற ஒரு பையன், "டேய், கம்பிக்காரர்டா!" என்று கூவினான். கூட்டம் திரும்பியது. "அண்ணே, அந்தத் துணி காயப்போடற டயலாக்கை ஒரு தடவை சொல்லுங்கண்ணே!" நாலைந்து போன்கள் மேலே எழும்பின.

போன வாரமாக இருந்தால் அவருக்கு அது திருவிழா. இப்போது நெற்றியெல்லாம் வியர்த்தது. "அது பொய்ங்க" என்றார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். இதுவும் ஒரு ஜோக் என்றே நினைத்துவிட்டார்கள். அவர் சிரிப்பு அடங்கும் வரை நின்று, மகளுடைய போனை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லைங்க. தூங்கிட்டேன். கம்பி எதுவும் தெரியலை. அந்த வேலையைச் செஞ்சது என் பொண்ணு. ராத்திரி பகலாப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கா. தூங்கினது அவ இல்லை, நான்தான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "சே, அவ்வளவுதானா" என்று ஒருவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வரிசை மறுபடியும் பாப்கார்ன் பக்கம் திரும்பியது. மகள் அந்த வீடியோவை மேனேஜருக்கு அனுப்பினாள்.

"நான்தான் உங்கப்பான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்மா. உனக்கு அவமானமா இருக்காதா?" என்று கேட்டார்.

"இருக்கும்ப்பா" என்றாள் அவள், ஒளிக்காமல். "வாங்க, படம் போட்டுட்டாங்க."

இடைவேளைக்குப் பிறகு அவர் தூங்கவில்லை. கண் இமைக்கவே பயந்தார். ஒருவன் கோபுரத்திலிருந்து குதித்தான், ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெருப்புக்கு மேலே பறந்தாள். எங்கேயும் எதுவும் இல்லை, வெறும் ஆகாயம்தான். அந்த வெறும் ஆகாயத்துக்காக ஒருத்தி கண்ணெரிய உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். "உட்காருங்கப்பா, பேர் போடுவாங்க" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "இந்தப் படத்துலதான் முதல் தடவை என் பேர் வருது. உங்களையும் அம்மாவையும் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே போய்ப் பார்த்துட்டு வந்து குப்பைன்னுட்டீங்க."

கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் பேர்கள் கிடுகிடுவென்று மேலே ஏறின. அவர் முன்னுக்குக் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். எழுந்து போகிறவர்களின் தலைகள் குறுக்கே வந்தன. இந்த வரிசையா, அந்த வரிசையா என்று பார்ப்பதற்குள் திரை வெறுமையாகிவிட்டது.

"பார்த்தீங்களாப்பா?" அவள் முகத்தில் அத்தனை ஆசை.

'ஆமாமா, பார்த்தேனே' என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொல்லியிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். அவர் அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இல்லம்மா. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். ஆனா தெரியலை."

"பரவாயில்லப்பா, அடுத்த லீவுக்குத் திரும்பவும் வரலாம்" என்று சொல்லி மகள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததுதான் அவருக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டே அவள் பின்னால் படியிறங்கினார்.