இணைச்சீருக்கு நிற்க விடாத மஞ்சள் முகம்

“…அதுக்கில்லீங்க, காமாலை புடிச்சவளெ இணைச்சீருக்கு நிறுத்துனா வந்த சனம் என்னங்க பேசும்? எம்பட புள்ளையும் அவனுக்கு அக்காதானுங்களே” என்று பெரியம்மா, சடங்கை நடத்த வந்த அருமைக்காரரிடம் பந்தலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காமாலைக்காரி என்றது என்னைத்தான். கல்யாணம் என் தம்பிக்கு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலைக் கூடையைத் தலையில் ஏந்தி அவன் பக்கத்தில் இணைச்சீருக்கு நின்றால்தான் கல்யாணம் நிறையும். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். அந்த இடத்தைத்தான் பெரியம்மா பிடுங்கப் பார்த்தாள்.

எனக்கு வந்தது காமாலையே இல்லை. பவானி ஆற்றில் அணை கட்டின காலத்தில் என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. கொசுக்களோடு சேர்ந்துதான் குடித்தனம். மலேரியா வந்தது, போனது, மறுபடி வந்தது. வருஷக்கணக்காக இதே கதை. கோபி ஆஸ்பத்திரியில் மெப்பாக்ரின் மாத்திரை கொடுத்தார்கள். வாய் வேம்பாய்க் கசந்தது. குடல் புரண்டது. உடம்பு முழுக்க மஞ்சள் பூத்தது. டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், மாத்திரையின் சாயம்தான் தோலில் ஏறும், கண் வெள்ளையாகவே இருக்கும், நிறுத்தினால் மெல்லப் போய்விடும் என்று.

கல்யாண வேலைக்கு வந்த என்னைக் கண்டதும் பெரியம்மா தோலைத்தான் பார்த்தாள், கண்ணைப் பார்க்கவில்லை. மாத்திரையை எடுத்து எருக்குழியில் வீசினாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்துப் புகட்டினாள். உப்பில்லாப் பத்தியம் வைத்தாள். காய்ச்சல் திரும்பி வந்து கட்டிலோடு என்னை உலுக்கியபோது, காமாலை முற்றிவிட்டதென்று ஊரெல்லாம் சொன்னாள். ஆளனுப்பி மறுபடி மாத்திரை வாங்கி விழுங்கினேன். நான் மொண்டு கொடுத்த தண்ணீரைக்கூட ஒருத்தரும் தொடவில்லை. இருக்கட்டும், இருக்கட்டும் என்று பல்லைக் கடித்தேன்.

முகூர்த்த நாள் காலையில் பெரியம்மாவின் மகளைக் கூப்பிட்டேன். “வா கண்ணு, நானே மஞ்சத் தேச்சு உடறேன்.” அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பெரியம்மாவைச் சுட எனக்கு வேறு அடுப்பு கிடைக்கவில்லை. ஈரோட்டு மஞ்சளை எண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, முகம் கழுத்து கை என்று அழுத்தித் தேய்த்தேன். தண்ணீரைக் கஞ்சத்தனமாக ஊற்றினேன். வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி மாப்பிள்ளை அறையில் இருந்தது. பாவம், சிரித்துக்கொண்டே போய்ப் பட்டுச்சேலை கட்டினாள்.

பெரியம்மா அருமைக்காரரிடம் பேசி முடிக்கவும் அவள் பந்தலுக்குள் வரவும் சரியாக இருந்தது. நானும் போய் அவளை ஒட்டி நின்றேன். வெயில் எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. அருமைக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனம்மணி, இதுல காமாலைக்காரி எவ?”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினேன்.

“கண்ணெப் பாருங்க மாமா. காமாலைன்னா இது வெள்ளையா இருக்குமுங்களா? மேலு மஞ்சளா இருந்தா ஆகாதுன்னா ரண்டு பேருந்தான் ஆகாது. பெரியம்மாவே சொல்லட்டுங்க, தம்பிக்கு ஆரு நிக்கறதுன்னு.”

பெரியம்மா அப்போதுதான் மகளின் மஞ்சள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதைப் பார்க்கத்தானே அத்தனை காய்ச்சலிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா முந்தானை முனையை எச்சிலில் நனைத்து மகளின் கன்னத்தைத் தேய்த்தாள். இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தாள். பிறகு குனிந்து கூடையை எடுத்து, என் முகத்தைப் பாராமல் என் தலையில் வைத்தாள்.