மீன் பெட்டியில் கார்த்திகைப்பூ

லண்டன் இல்ஃபோர்டில் நான் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற மனிதர் அவர். பெயர் கேட்டதில்லை. மீன் வாடை போகத் தேசிக்காய் தேய்த்து இரண்டு முறை கை கழுவிய பிறகுதான் பின்வாசலில் இருந்த தன் பூக்கொடியைத் தொடுவார். மீன் வந்த வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டியில் மண் நிரப்பி, கலப்பைபோல் வளைந்த கார்த்திகைக் கிழங்கு ஒன்றை ஊன்றியிருந்தார். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, நெருப்பு எரிவதுபோல் பூக்கும் காட்டுக்கொடி அது.

ஆடியில் மொட்டு விட்டது. ஒன்றுவிடாமல் நுள்ளி எறிந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“ஏன் அண்ணை நுள்ளுறியள்?”

“கார்த்திகையிலை பூக்கட்டும். என்ரை மகன் செத்த மாதம்.”

“இஞ்சத்தைக் குளிருக்கு அப்ப பூக்காதண்ணை. இப்ப பூக்கிறதையே மகன்ரை படத்துக்கு வையுங்கோவன்.”

“ஆடியிலை அவன் உயிரோடை இருந்தவன், தம்பி.”

கார்த்திகை வந்தபோது கொடி காய்ந்திருந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். கிழங்கு கூழாகிக் கிடந்தது. அவரும் பார்த்தார். பிறகு உள்ளே போய், இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்து, அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.